நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள்

சென்ற வாரம் மதிய உணவு நேரத்தில் அலுவலகத் தம்பி ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேருவில் அவருடைய தாத்தா விட்டுப்போன நிலம் இருக்கிறது. அதில் இந்த ஆண்டு வீடு கட்டப் போகிறாராம். "அண்ணே, நீங்கதான் கட்டி முடிச்சிட்டீங்களே. நல்ல கொந்தரெக்டர் யாராவது இருந்தா சொல்லுங்க," என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. இதே கேள்வியை இதே சொற்களில் நானும் ஒரு காலத்தில் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அதற்குக் கிடைத்த முதல் பதிலால் எங்கள் குடும்பம் 67,500 வெள்ளியை இழந்தது. எட்டு மாதத்தில் முடிய வேண்டிய வீடு இரண்டு ஆண்டு இழுத்தது. அதைவிடப் பெரிய இழப்பு, என் அம்மாவும் அவருடைய ஒரே தம்பியும் பேசிக்கொள்ளாமல் இருந்த மாதங்கள்.

எங்கள் நிலம் காப்பார் பக்கம். தோட்டத்தில் வேலை செய்த அப்பா, லயத்து வீட்டை விட்டு ஒருநாள் வெளியேற வேண்டியிருக்கும் என்று முன்பே கணக்குப் போட்டு, எண்பதுகளில் வாங்கிப் போட்ட இடம். அதில் பலகை வீடு கட்டி எங்களை வளர்த்தார். முப்பது ஆண்டுகளில் கரையான் பலகையைத் தின்றது. மழை பெய்தால் கூடத்தில் மூன்று வாளிகள் வைப்போம். 2017 தீபாவளிக்கு மறுநாள் அப்பா சொன்னார்: "இனி ஒட்டுப் போட வேணாம். கல்லு வீடாவே கட்டிடுவோம்."

தாமான் வீடு வாங்கியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு அந்த மண்தான் வேண்டும். வீட்டின் முன்னால் நீளமான அஞ்சடி, அதில் நாற்காலி போட்டு மாலையில் உட்கார வேண்டும். அம்மாவுக்குச் சமையற்கட்டு பின்னால் தனியாக இருக்க வேண்டும், சாமி அறைக்குக் கிழக்கில் ஜன்னல் வேண்டும். 1,500 சதுர அடியில் ஒரு மாடி இல்லாத வீடு. அப்பாவின் ஊழியர் சேமநிதிப் பணம், என் சேமிப்பு, தங்கையின் சேமிப்பு எல்லாம் சேர்த்து வைத்திருந்தோம்.

மாமா கொண்டுவந்த ஆள்

ஆளைக் கொண்டுவந்தவர் தாய்மாமா. அவருடைய நீண்டநாள் கூட்டாளி. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுப்பவர், எல்லாருக்கும் தெரிந்தவர். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து அம்மா போட்ட டீயைக் குடித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். அதில் நான்கே வரிகள். "வீடு கட்ட, சாமான், கூலி எல்லாம் சேர்த்து 165,000 வெள்ளி." முன்பணம் 30 விழுக்காடு.

நான் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அலுவலகத்தில் 300 வெள்ளி செலவு என்றாலும் ரசீது, இரண்டு கையெழுத்து இல்லாமல் விடமாட்டேன். அன்றைக்கு அந்த நான்கு வரித் தாளைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. "மாமா, ஒப்பந்தம் ஒண்ணு எழுதிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மாமா முகம் சுருங்கியது. "என்ன மாப்ள, நம்ம ஆள்கிட்ட போய் இதெல்லாம் கேட்டா முகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா?" என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல, தம்பி படிச்சவரு," என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் 49,500 வெள்ளியை அவர் கணக்கில் போட்டேன்.

2018 பிப்ரவரியில் பலகை வீட்டை இடித்தோம். நாங்கள் மூன்றாவது மாடியில் ஒரு பிளாட்டுக்கு வாடகைக்குப் போனோம், மாதம் 850 வெள்ளி. மார்ச்சில் குழி தோண்டினார்கள். ஏப்ரலில் கம்பி, கல்லுக்கு என்று இன்னும் 18,000 வாங்கிக்கொண்டார். தூண்களுக்கான கம்பிகள் நிலத்திலிருந்து எழுந்து நின்றபோது அப்பா அதைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்.

அதன்பிறகு காரணங்கள்தாம் வந்தன. மே 9 பொதுத்தேர்தல் வந்தது, ஆட்கள் ஓட்டுப் போட ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றார். ஜூன் 1 முதல் ஜிஎஸ்டி சுழியம் என்று அரசாங்கம் அறிவித்தது. "கொஞ்சம் பொறுங்க, சாமான் விலை இறங்கும், உங்களுக்குத்தான் லாபம்," என்றார். அடுத்து நோன்புப் பெருநாள், இந்தோனேசியத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு காரணமும் தனித்தனியாகக் கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ஜூலையில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். கம்பிகள் துருப்பிடித்துக் குழியில் மழைத்தண்ணீர் நின்றது.

அப்பாவுக்கு முட்டி வலி. ஆனாலும் தினமும் மூன்று மாடி இறங்கி, கப்சாய் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழிகளைப் பார்த்துவிட்டு வருவார். வந்து எதுவும் பேசமாட்டார்.

பொறியாளர் சொன்னது

வீட்டு வரைபடத்தை நகராண்மைக் கழகத்தில் சமர்ப்பித்து அனுமதி வாங்கித் தந்த பொறியாளரை அப்போதுதான் தேடிப் போனேன். அவர் வந்து பார்த்தார். வரைபடத்தை விரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் கான்கிரீட் பைல் அடிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. குழியில் பைல் எதுவும் இல்லை.

கிள்ளான் கடலோரப் பகுதியில் வசிப்பவர்களுக்கு இது புரியும். எங்கள் மண் மிருதுவான கடற்களிமண். நம் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் கார் நிறுத்தும் தரை மட்டும் தனியாக இறங்கி, சுவருக்கும் தரைக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு வெடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலகை வீட்டின் எடை வேறு, கல்வீட்டின் எடை வேறு. பைல் இல்லாமல் எழுப்பியிருந்தால் சில ஆண்டுகளில் சுவர் பிளந்திருக்கும்.

"கான்கிரீட் ஊத்துறதுக்கு முந்தி எனக்கு ஒரு போன் வந்திருந்தா போதும்," என்றார் பொறியாளர். கொந்தரெக்டர் கூப்பிடுவார் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

இன்னொன்றையும் விளக்கினார். வீடு முடிந்ததும் குடியேறுவதற்கு சிசிசி எனப்படும் சான்றிதழ் தேவை. 2007 முதல் அதை நகராண்மைக் கழகம் தருவதில்லை. வரைபடத்தைச் சமர்ப்பித்த தொழில்வல்லுநரே தன் பொறுப்பில் தருகிறார். அதற்குப் பின்னால் 21 படிவங்கள் இருக்கின்றன. மண் வேலை, அடித்தளம், கட்டமைப்பு, மின்சாரம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் செய்தவர் கையெழுத்திட வேண்டும். இந்த அடித்தளத்தின் மேல் வீடு எழுந்திருந்தால் அவர் சான்றிதழில் கையெழுத்திட்டிருக்க முடியாது.

அன்று இரவு, ஆறு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் இணையப் பக்கத்தில் அந்த ஆளின் நிறுவனப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். பதிவு காலாவதியாகி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பதிவில்லாமல் குத்தகை எடுத்துக் கட்டுவது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வழக்கறிஞரிடம் போனோம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் அப்போது 25,000 வெள்ளி வரைதான் கோர முடியும். பிறகு அது 50,000 ஆனது. கட்டுமானப் பணத் தகராறுகளை விரைவாகத் தீர்க்க 2012-இல் வந்த சட்டம், தான் குடியிருக்க நான்கு மாடிக்குக் குறைந்த வீடு கட்டும் தனிமனிதருக்குப் பொருந்தாது. வழக்குப் போடலாம், ஆனால் கையில் இருப்பது நான்கு வரித் தாள். "எதை எப்போ முடிக்கணும்னு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். வழக்கறிஞர் கடிதம் அனுப்பினோம், பதில் வரவில்லை. துருப்பிடித்த கம்பியைப் பழைய இரும்புக்கு விற்றதுதான் கிடைத்த பணம்.

நம்ம ஆளே வேண்டாம்

வீட்டில் அம்மா தம்பியோடு பேசுவதை நிறுத்தினார். மாமாவும் வருவதில்லை. "இனிமே நம்ம ஆளே வேணாம். யாராவது சீனத் தவுக்கேகிட்ட குடுத்திடுங்க," என்றார் அம்மா. உறவினர்கள் பலரும் அதையேதான் சொன்னார்கள்.

நானும் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் மாமா ஆளைக் காட்டுனாரு. பணத்தைக் குடுத்தது நீயும் நானும். விசாரிச்சோமா?" என்றார். "நம்ம ஆளுன்னு விசாரிக்காம குடுத்தோம். இப்ப நம்ம ஆளுன்னு விசாரிக்காம வேணாங்கிறோம். ரெண்டும் ஒண்ணுதான்."

தோட்டத்தில் தினமும் பாலை நிறுத்துக் கொடுத்தவர் அவர். கிராணி தெரிந்தவராக இருந்தாலும் தராசைப் பார்க்காமல் நகரமாட்டாராம். கிராணியும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

அதன்பிறகு ஆளை யார் காட்டினாலும் சரி, எல்லாருக்கும் ஒரே தராசு என்று முடிவு செய்தோம். பொறியாளரின் வரைபடத்தை மூன்று பிரதி எடுத்து மூன்று குத்தகையாளர்களிடம் கொடுத்தேன். ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், மேருவைச் சேர்ந்த ஒரு தமிழர். மூவரும் சிஐடிபி பதிவு உள்ளவர்கள். அதிலும் எந்தத் தரம் என்று பார்த்தேன். அப்போது ஜி1 தரத்தில் இருப்பவர் 200,000 வெள்ளி வரையிலான வேலையைத்தான் எடுக்கலாம், ஜி2 என்றால் 500,000 வரை. எங்கள் வீட்டுக்கு ஜி2 தேவைப்படும் என்று பொறியாளர் முன்பே சொல்லியிருந்தார்.

விலைகள் வந்தன: 172,000, 228,000, 241,000. முதல் பார்வைக்கு 172,000 கண்ணை இழுத்தது, ஏற்கனவே பணம் இழந்தவர்கள் அல்லவா. ஆனால் இந்த முறை மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். குறைந்த விலையில் பைல் இல்லை. கழிவுத் தொட்டி இல்லை. மின்விளக்கு, பிளக் எத்தனை என்று இல்லை. தரை ஓடு சதுர அடிக்கு எத்தனை வெள்ளிக்குள் என்று இல்லை. விடுபட்டதை எல்லாம் மற்ற இருவரின் விலையில் சேர்த்துப் பார்த்தால் அதுவும் 220,000-ஐத் தாண்டியது. வித்தியாசம் என்னவென்றால், அந்தத் தொகை பாதி வீடு எழுந்த பிறகு 'கூடுதல் வேலை' என்று வந்திருக்கும்.

228,000 கேட்டவர் மேருக்காரர். அவர் தாளில் பைலுக்கு மட்டும் மொத்த விலை போடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"தம்பி, மண்ணுக்குள்ள எத்தனை மீட்டர் இறங்கும்னு அடிச்சாத்தான் தெரியும். இப்பவே ஒரு தொகை சொன்னா ஒண்ணு உங்களை ஏமாத்தணும், இல்லன்னா நான் ஏமாறணும். ஒரு மீட்டருக்கு இவ்வளவுன்னு எழுதிக்குவோம். பொறியாளர் ஆள் நின்னு அளக்கட்டும். கூடினாலும் கொறைஞ்சாலும் அதே விலை," என்றார். என் கணக்கில் நான் சேர்த்துக்கொண்டது அவர் சொன்ன உத்தேச ஆழம்.

தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மூன்று ஆண்டுக்கு முன் கட்டிய வீடு

கட்டிய வீடு ஒன்றைக் காட்டுங்கள் என்றால் எல்லாரும் கடைசியாகச் சாயம் அடித்த வீட்டுக்குத்தான் கூட்டிப் போவார்கள். அப்பா வேறு மாதிரி கேட்டார். "மூணு வருஷத்துக்கு முந்தி கட்டுன வீடு எது?"

ஷா ஆலம் பக்கம் ஒரு வீட்டின் முகவரியைக் கொடுத்தார். "நான் வரல. நான் இருந்தா அவங்க மனசுவிட்டுப் பேசமாட்டாங்க. நீங்க போய்ட்டு வாங்க," என்றார். நாங்கள் போன அன்று நல்ல மழை. அப்பா வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைப் பார்த்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

அந்த வீட்டு அம்மா எங்களை உட்கார வைத்து மைலோ கொடுத்தார். வீட்டில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். "ஏன் இல்லாம? மொத வருஷமே குளியலறைச் சுவத்துல ஈரம் வந்துச்சு," என்றார். எனக்குப் பகீர் என்றது. "போன் பண்ணோம். ஒரு வாரம் கழிச்சு வந்தாரு. ஓட்டை எல்லாம் பேத்து, பைப்பு மாத்தி, திரும்பப் போட்டுக் குடுத்தாரு. காசு கேக்கல. என் வீட்டுக்காரர்தான் ஆளுக்கூலிக்காவது வாங்கிக்கங்கன்னாரு, வேணாம்னுட்டாரு."

காரில் திரும்பும்போது அப்பா சொன்னார்: "இவர்கிட்டயே குடுப்போம்." "சுவத்துல ஈரம் வந்துச்சுங்கிறாங்களேப்பா," என்றேன். "வந்துச்சு. அவரும் வந்தாருல்ல," என்றார்.

ஒப்பந்தத்தை இந்த முறை பொறியாளர் முன்னிலையில் எழுதினோம். விலைப்பட்டியலும் வரைபடமும் அதன் பகுதி. முன்பணம் ஐந்து விழுக்காடு மட்டும். மீதியெல்லாம் பைல் முடிந்ததும் இவ்வளவு, அடித்தளம் முடிந்ததும் இவ்வளவு, தூண், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக; ஒவ்வொன்றும் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே. வரைபடத்தில் இல்லாத எந்த வேலையையும் விலை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே தொடங்க வேண்டும். மொத்தத்தில் ஐந்து விழுக்காடு எங்கள் கையில் 12 மாதம் நிற்கும், அதற்குள் வரும் குறைகளை அவர் சரிசெய்ய வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு கழிவு.

இத்தனையும் எழுதும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே," என்றேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இதுல என்ன தம்பி தப்பு? போன வருஷம் ஒருத்தர் மூணு மாசம் காசு குடுக்காம இழுத்தடிச்சாரு. நீங்க எப்பக் குடுக்கணும்னும் இதுலதானே எழுதியிருக்கு?"

எழுதிக்கொள்வது எங்களுக்கு மட்டும் காவல் என்று நினைத்திருந்தேன். அவருக்கும் அதே காவல் தேவைப்பட்டது.

திரும்பி வந்தவர்கள்

2019 ஜனவரியில் வேலை தொடங்கியது. முதலில் பழைய அடித்தளத்தை உடைத்து எடுக்க வேண்டியிருந்தது, அதற்கே தனிச்செலவு. போன பணத்துக்கு ஈடாக நான் வங்கியில் கடன் எடுத்தேன், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். பைல் நினைத்ததைவிடச் சில மீட்டர் ஆழமாக இறங்கியது. எழுதிய விலையில் அளந்து கொடுத்தோம், வாக்குவாதம் இல்லை. வேலை ஐந்து வாரம் தாமதமானது. சண்டை வராமலும் இல்லை. சாமி அறை ஜன்னலை இரண்டு அடி தள்ளி வைத்துவிட்டார்கள். அம்மா விடவில்லை, வரைபடத்தைக் காட்டி இடித்துக் கட்ட வைத்தார். வரைபடம் கையில் இருந்ததால் சண்டை பத்து நிமிடத்தில் முடிந்தது.

2020 தை மாதத்தில் பால் காய்ச்சினோம். அழைப்பு கொடுக்க நானும் தங்கையும் மாமா வீட்டுக்குப் போனோம். வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. விடியற்காலையில் முதல் ஆளாக வந்து வாசலில் மாவிலை கட்டினார். அம்மா அவரைப் பார்த்து, "பசியாறுனியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அந்த ஆளுக்கு 8,000 வெள்ளி கடன் கொடுத்து ஏமாந்திருந்தார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஒப்பந்தம் கேட்க வெட்கம். மாமாவுக்கு ஏமாந்ததைச் சொல்ல வெட்கம். அந்த ஆள் பிழைத்தது எங்கள் வெட்கத்தில்தான்.

மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அத்தனை மாதமும் அப்பா தன் அஞ்சடியில் உட்கார்ந்திருந்தார். அந்த மூன்றாவது மாடி பிளாட்டிலேயே அடைந்து கிடந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. ஏப்ரலில் சமையற்கட்டுக் கூரை ஓரத்தில் ஒழுகியது. படமெடுத்து அனுப்பினேன். ஜூனில் கட்டுப்பாடு தளர்ந்த முதல் வாரமே மேருக்காரர் முகக்கவசத்தோடு ஏணியில் நின்றார். எங்கள் கையில் இருந்த ஐந்து விழுக்காட்டை மறு ஆண்டு கொடுத்துவிட்டோம். அதன்பிறகும் ஒருமுறை கூப்பிட்டேன், வந்தார்.

அலுவலகத் தம்பிக்கு அவருடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "நான் சொன்னேன்னு குடுத்திடாதீங்க. இன்னும் ரெண்டு பேர்கிட்ட விலை கேளுங்க. சிஐடிபியில பதிவைப் பாருங்க. இவர் மூணு வருஷத்துக்கு முந்தி கட்டுன வீட்டுக்குப் போங்க."

"எது, உங்க வீட்டுக்கா அண்ணே?"

"வாங்க. மழை பெய்யிற அன்னிக்கு வாங்க. சமையற்கட்டுல ஒழுகுன இடத்தை அப்பாவே காட்டுவாரு."